பத்துக்கு நாலு

என் தங்கையைப் பற்றி எழுத எனக்கு வெட்கம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் நேரானது.

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. நான் சக்கர நாற்காலி தள்ளுகிறேன். முழங்கால் மாற்றிக்கொண்டு போனவர்கள் மூன்றாம் மாதம் திரும்பி வரும்போது, அவள் கேள்வி கேட்டு எழுதுகிறாள். வலி உண்டா, மாடி ஏற முடிகிறதா என்று தொடங்கி, தூக்கம் வருகிறதா, மனசு சோர்கிறதா, மொத்தத்தில் திருப்திதானா என்பதுவரை பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். பத்து என்றால் ஒரு குறையும் இல்லை.

எல்லாரும் பத்துதான் போட்டார்கள். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் அதைப் படமாக வரைந்து வராந்தாவில் மாட்டியிருந்தார். கோடு கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு நாள் தையல்காரம்மா ஒருவர் வந்தார். "எல்லாம் பத்து போடுங்க" என்று மகனே பதில் சொன்னான். அந்த அம்மா தலையாட்டினார். பிறகு எக்ஸ்ரேவுக்கு நான் கூட்டிப்போனேன். லிஃப்ட் கதவு மூடியதும் அழுதுவிட்டார்.

"முட்டி வலிக்குதாம்மா?"

"முட்டிக்கென்னப்பா, அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லால்ல."

தங்கையிடம் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"அப்ப இத்தனை மாசமா நான் என்னத்தண்ணே எழுதிட்டிருந்தேன்?"

"பேசாமச் சாப்பிடு. எல்லாரும் பத்துன்னா உனக்கென்ன நோவு?"

"நோவு எனக்கில்லண்ணே, அவங்களுக்கு. அது தாள்ல வரல, அதான் பிரச்சினை."

மறுநாள் முதல், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "இது டாக்டருக்குப் போடற மார்க் இல்ல, உங்களப் பத்தி நீங்க சொல்றது" என்ற பிறகுதான் பேனாவைத் திறந்தாள். ஒரே மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. வலியும் நடையும் எட்டு ஒன்பதில் நின்றன. மனசைப் பற்றிய கேள்விகள் ஐந்துக்கு இறங்கிவிட்டன.

பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். தங்கையின் வேலை நிரந்தரமில்லை. வருஷத்துக்கொருமுறை அவர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிப்பு. அந்தக் கையெழுத்து அந்த மாதம்தான். நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் வாசலில் நின்றேன்.

"போன மாசம் பத்து, இந்த மாசம் அஞ்சு. என் கை கெட்டுப்போச்சா, உன் வாய் சரியில்லையா?"

"உங்க கை சரிதான் சார். நடக்க வச்சவருக்கு எப்படிக் குறைச்சுப் போடறதுன்னு பத்து போட்டுட்டுப் போயிடறாங்க."

"கதை விடாத. காட்டு பாப்போம்."

அன்று தையல்காரம்மா மகனோடு கால் பயிற்சிக்கு வந்திருந்தார். டாக்டரே போய்க் கேட்டார். "எனக்கென்ன குறை டாக்டர், பத்துதான்" என்று கும்பிட்டார் அந்த அம்மா. பிறகு எல்லாரும் வெளியே வந்தோம். தங்கை மட்டும் உள்ளே இருந்து கதவைச் சாத்தினாள்.

கால்மணி நேரம் கழித்துத் தாள் வந்தது. திருப்தி: நாலு. அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவர் சொன்னதையும் கீழே எழுதியிருந்தாள். 'பையன் தையல் மிஷினைக் கட்டிப் பரண்மேல் போட்டுட்டான். மிதிக்கக் கூடாதுன்னா எதுக்கு முட்டியை மாத்தினேன்?'

டாக்டர் இரண்டு தரம் படித்தார். மகனைக் கூப்பிட்டார்.

"மிஷினைக் கீழ இறக்குங்க. மிதிக்கறது அந்தக் காலுக்கு நல்லது."

"வயசான அம்மாவ வேலை வாங்கறான்னு நாலு பேர் பேசுவாங்க டாக்டர்."

"பேசட்டும். முட்டி அவங்களோடதா?"

வராந்தாப் படத்தை அன்றே கழற்றச் சொன்னார். கையெழுத்தும் போட்டார்.

அடுத்த வாரம் ஏதோ கேட்க அவரே தங்கையின் அறைக் கதவைத் தள்ளினார். "உள்ள பேசிட்டிருக்காங்க சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். மனிதர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த யாரோ வீட்டு மருமகள், "நீங்க யாரோட வந்திருக்கீங்க?" என்று விசாரித்தாள். அவர் சிரித்துக்கொண்டார்.

"உள்ள கேள்வி கேக்குதே, அது என் தங்கச்சி" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லைதான்.