தம்பி நின்ற இடத்தில் இன்னொருத்தி

அவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. வாரம் முழுக்க மெழுகை உருக்கி, அச்சில் பற்களை வரிசையாகப் பதிப்பாள். ஞாயிறு காலையில் மட்டும் ஒரு டயர் கிடங்கில் பேஸ் கிட்டார் வாசிப்பாள். நான்கு பேர் கொண்ட ஹெவி மெட்டல் குழு அது. பாடுகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. அதனால் குழுவில் எல்லாருக்கும் அவள் ‘அக்கா’தான், அவளைவிட ஆறு வயது மூத்த டிரம்மருக்கும்கூட.

முதலில் போனவர் அந்த டிரம்மர். கல்யாணமானதும் மாமனார் ஊரிலேயே கடை வைத்துவிட்டார். மறுவருடம் கிட்டார்காரன் மெல்லிசைக் குழுவுக்குத் தாவினான். “அங்க காது வலிக்காதுக்கா” என்றான். அக்கா இடிந்துபோய் உட்கார்ந்தாள். தம்பிதான் தேற்றினான்.

“உன் வேலையே விழுந்த பல்லுக்குப் பல்லு வெக்கிறது. ஆளுக்கு ஆள் வெக்க முடியாதா?”

முடிந்தது. லாரி ஓட்டுகிறவர் ஒருவர் டிரம்ஸுக்கு வந்தார், மருந்துக்கடையில் நிற்கும் ஒருவன் கிட்டாருக்கு வந்தான். குழு முன்னைவிட நன்றாகவே ஓடியது.

பிறகு தம்பியின் குரல் கம்மத் தொடங்கியது. கத்திக் கத்திப் பாடியதால் என்று நினைத்தார்கள். டாக்டர் தொண்டைக்குள் பார்த்துவிட்டுக் கட்டி என்றார். குரல்வளையையே எடுத்தாக வேண்டும்.

“பாட மட்டும் முடியாதா, இல்ல பேசவும் முடியாதா?” என்று கேட்டான் தம்பி.

“ரெண்டுமேப்பா.”

அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது மாதம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் போனில் தட்டி அவள் பக்கம் நீட்டினான்: ‘பாட ஆள் தேடு.’

“வாய மூடுடா” என்று சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் தோள் குலுங்கச் சிரித்தான். சத்தம் வரவில்லை.

ஐந்து பேர் வந்து பாடிக் காட்டினார்கள். ஒருவன் குக்கர் விசில்போல் கிறீச்சிட்டான். கடைசியாக வந்தவள் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலைக்காரி, ஒல்லிப் பெண். அவள் வாயைத் திறந்ததும் லாரிக்காரர் வாசிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு எழுந்து வெளியே போனான்.

அக்கா பின்னாலேயே போனாள். டயர் அடுக்கில் சாய்ந்து நின்றவன் போனைக் காட்டினான். ‘இவதான். என்னைவிட நல்லா பாடுறா. அப்பா பாட்ட மட்டும் இவளுக்குக் குடுக்காத.’

அப்பா இறந்த வாரம் அவன் எழுதிய பாட்டு அது. அதைக் கேட்டுத்தான் நாலு பேருக்குக் குழுவைத் தெரிய வந்தது.

“சத்தியமா குடுக்க மாட்டேன்டா.”

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்லூரி மைதானத்தில் நிகழ்ச்சி. தம்பி எதிரே மைக் செட்காரர் பக்கத்தில் நின்றான். மூன்று பாட்டு முடிந்ததும் கூட்டம் அப்பா பாட்டைக் கேட்டுக் கத்தியது, விடாமல் கத்தியது.

“வேணாம்னா வேணாம்க்கா” என்றாள் புதியவள். “ஆனா எனக்கு முழுசாத் தெரியும்.”

கண்ணில் விளக்கு அடித்தது. தம்பியின் முகம் தெரியவில்லை. அந்தப் பாட்டு பேஸில் தனியாகத் தொடங்கும். அக்காவின் விரல் தொடங்கிவிட்டது. அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இறங்கி வந்தபோது தம்பி இல்லை. “முதல் வரிக்கு வாயசைச்சாரு. அப்புறம் போயிட்டாருக்கா” என்றார் மைக் செட்காரர்.

வீட்டில் அவன் எழுதிக் காட்டினான்: ‘எல்லாரும் கூடப் பாடினாங்களா?’

“பாடினாங்கடா.”

‘நல்லது. கோபமில்ல.’

அதன்பின் அவன் கிடங்குப் பக்கமே வரவில்லை. அக்காவாலும் அந்தப் பாட்டை மறுபடி தொட முடியவில்லை. தனக்குப் பதில் ஒருவனைத் தானே தேடிப் பிடித்து, ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிக்கொடுத்தாள். புதியவள் அழுதாள். “நான் போயிடுறேன்க்கா, நீங்க இருங்க.”

“நீ போய் என்னடி ஆகப்போகுது? சத்தியம் பண்ணினது நான்.”

குழு இன்றும் தம்பி வைத்த பெயரில்தான் வாசிக்கிறது. அதில் பழைய ஆள் ஒருவரும் இல்லை.

சென்ற மாதம் தம்பிக்குக் கழுத்தில் வைத்துப் பேசும் கருவி கொடுத்தார்கள். ஏற்ற இறக்கமில்லாத, இரும்புபோன்ற குரல். முதன்முதலாக அதில், “அக்கா” என்று கூப்பிட்டான்.

“என்னடா?” என்று சமையலறையிலிருந்து சாதாரணமாகக் கேட்டாள். பிறகு தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.