சாச்சியின் கடலில் என் தோணி

சாச்சியின் படங்களிலிருந்து பொருட்கள் ஒவ்வொன்றாக வெளியேறத் தொடங்கியபோது எனக்கு ஏழு வயது. முதலில் தென்னைமரங்கள் போயின. பிறகு வீடுகள். அதன்பின் வயலுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதை. கடைசியில் வானமும் கடலும் சந்திக்கிற கோடுகூட இல்லாமற் போய், பலகை முழுக்கச் சேற்று நிறமும் சாம்பல் நிறமும் மட்டும் மிஞ்சின.

சாச்சி என் உம்மாவின் தங்கை. கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கமாக இருந்த எங்கள் வளவிலேயே பின்னால் இரண்டு அறைகள் கட்டித் தனியாக இருந்தார். பெண்கள் பாடசாலை ஒன்றில் சித்திர ஆசிரியை. எனக்கு ஏழு வயதாகும் வரை அவர் எல்லோருக்கும் விளங்குகிற படங்களைத்தான் கீறினார். திருக்கோவில் கடற்கரையில் விடியற்காலை, வரிப்பத்தான்சேனையில் கதிர் முற்றிய வயல் என்று அவர் கீறியவை சொந்தக்காரர் வீட்டுக் கூடங்களில் இன்றும் தொங்குகின்றன. பிறகுதான் இது தொடங்கியது. கடற்கரையிலிருந்து மண் அள்ளி வருவார். கிழிந்த வலை, சீமெந்துப் பையின் கடதாசி, உமி, தேயிலைச் சக்கை எல்லாம் அவருக்கு வேண்டியிருந்தன. பலகையில் பசை பூசி அவற்றை ஒட்டி, மேலே சாயம் அடித்து, காய்ந்ததும் கரண்டியால் சுரண்டுவார். சுரண்டிய இடத்தில் மறுபடியும் அடிப்பார்.

உம்மாவுக்கு இதில் ஒரேயொரு கவலைதான். "இடியப்ப மா அரிக்கிற அரிதட்டுல கடல் மண்ண அரிக்கிறாளே! நாளைக்குப் புள்ளைகள் திங்கக்குள்ள பல்லுல நறநறக்கப் போவுது," என்று வளவு கேட்கச் சத்தம் போடுவார். சாச்சி மறுநாளே புதிய அரிதட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, பழையதை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்.

என் கவலை வேறு. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்: "உங்கட சாச்சி குப்பைய ஒட்டிப்போட்டு படம் எண்டு சொல்றாவாமே, மெய்யா?" பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமல்ல, "ஓம், எங்கட வீட்டுக் குப்பை வாளிய இப்ப ஒளிச்சுத்தான் வெக்கிற," என்று ஒரு பகிடியும் விட்டேன். அந்தப் பகிடி நன்றாக எடுபட்டது. அதற்குப் பிறகு வீதியில் சாச்சி எதிரே வந்தால், கூட வருகிறவர்களுக்குத் தெரியாமல் நான் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது சாச்சி தன் மிகப் பெரிய படத்தைத் தொடங்கினார். என் உயரம் இருந்தது பலகை. மாதக்கணக்கில் அதோடுதான் கிடந்தார். மேலே சாம்பல், கீழே ஈர மண்ணின் நிறம். கிட்டப் போய்ப் பார்த்தால் நடுவில் ஓரிடத்தில் ஒரு வலைத்துண்டு சாயத்துக்குள் பாதி புதைந்து, பாதி வெளியே துருத்திக்கொண்டு தெரியும். அவ்வளவுதான். அதைக் 'கரை' என்று சொன்னார்.

சாச்சியின் பாடசாலை மண்டபத்தில் ஆசிரியர்களின் படைப்புகளைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடாகியிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு மட்டக்களப்பிலிருந்து ஒரு விரிவுரையாளர் சாச்சியின் படங்களைப் பார்க்க வந்தார். வாப்பா அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டார். உம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் அதைக் குடிக்க மறந்துபோய் அந்தப் பெரிய பலகையின் முன்னால் நின்றார். தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

"இதுல ஒண்டுமே இல்லையே, டீச்சர்," என்றார் கடைசியில்.

"அண்டைக்கு ஒண்டும் மிஞ்சல்ல, சேர்," என்றார் சாச்சி.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வலைத்துண்டுக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். போகும்போது, "கண்காட்சி முடியட்டும். இத நான் கொழும்புக்குக் கொண்டு போறன். அங்க ஆக்கள் பாக்கோணும்," என்றார். அன்று பின்னேரம் முழுவதும் சாச்சி தன் அறையில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் பாடி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கதவு நிலையில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்ட எனக்கோ, 'ஒண்டுமே இல்லையே' என்ற சொல் மட்டும்தான் காதில் ஏறியது. வெளியூர் ஆளுக்கே தெரிந்துவிட்டது என்று வெட்கமாகப் போயிற்று. கொழும்புக்குக் கொண்டுபோனால் அங்கேயும் எல்லோரும் இதையேதான் சொல்லப் போகிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சிக்கு வருவார்கள். அவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கண்காட்சிக்கு முந்திய நாள் வெள்ளிக்கிழமை. வாப்பா ஜும்ஆவுக்குப் போயிருந்தார். உம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். சாச்சி மண்டபத்தில் ஆணி அடிப்பித்துக்கொண்டிருந்தார். படம் அவருடைய அறையில் போர்வையால் மூடி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய கறுப்பு எனாமலும் சிவப்பு எனாமலும் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். போர்வையை நீக்கிவிட்டு முதலில் ஒரு தோணி கீறினேன். வலை துருத்திக்கொண்டிருந்த இடம் பார்க்க அசிங்கமாக இருந்ததால், தோணியை அதற்கு மேலேயே வைத்து நன்றாக மூடினேன். மண் ஒட்டிய பலகையில் தூரிகை கரகரத்தது. இடதுபக்கம் ஒரு தென்னைமரம். எங்கள் கடலில் சூரியன் காலையில்தான் எழும்பும் என்பதால், மேலே சிவப்பாக ஒரு காலைச் சூரியன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு அது வடிவாகத்தான் இருந்தது. ஈரச் சாயத்தில் ஒட்டாதபடி போர்வையைத் தள்ளி விரித்து மூடிவிட்டு, மண்ணெண்ணெயில் கை கழுவப் போனேன். கறுப்பு போய்விட்டது. நகத்து ஓரங்களில் சிவப்பு மட்டும் போகவில்லை.

மறுநாள் மண்டபத்தில் இரண்டு பெரிய வகுப்புப் பிள்ளைகள் போர்வையை அவிழ்த்தார்கள். சாச்சி ஒரு அடி பின்னால் போனார். யாரும் தள்ளாமலே அப்படிப் போனார். பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் படத்தைத் தூக்கி ஆணியில் மாட்டிவிட்டார்கள். கூட இருந்த ஆசிரியைமார் கிட்ட வந்தார்கள்.

"மாஷா அல்லாஹ், டீச்சர்! இப்பத்தான் பாக்க வடிவா இரிக்கி. தோணி, தென்னை எல்லாம் விளங்குது," என்றார் ஒருவர்.

என் வகுப்புக்காரியும் வந்தாள். "தோணி நல்லம்," என்றாள். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இந்தத் தோணி யாருடையது என்பதை எப்போது சொல்லலாம் என்று நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் விரிவுரையாளர் வந்தார். நேரே அந்தப் படத்துக்கு வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது ஆரு கீறின?"

சாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தையல்ல, விரல்களைத்தான் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்தப் பெருமையான நேரம் வந்துவிட்டது என்று வாயைத் திறக்கப் போனேன்.

"நான்தான், சேர்," என்றார் சாச்சி.

"ஏன்?"

"பாக்கிற ஆக்களுக்கு விளங்கோணுமே."

"விளங்கிட்டு," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு நகர்ந்தார். மற்ற ஆசிரியர்களின் படங்களையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி வேண்டாமென்று சொல்லிப் போய்விட்டார். கொழும்பைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதுகொண்டே உம்மாவிடம் போனேன். "அந்தத் தோணிய நான்தான் கீறின. எல்லாரும் நல்லம் எண்டு சொன்னதும் சாச்சி தான் கீறினதாப் பொய் சொல்லிட்டா!"

உம்மா வெங்காயம் அரிந்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அடி விழும் என்று பார்த்தேன், விழவில்லை. உம்மா எழும்பிச் சாச்சியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அடுத்த வருசம் பிறந்தவள் நான். அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் என் முன்னால் கதைப்பதில்லை. பதினேழு வயதில்தான் உம்மாவிடமிருந்து இதைக் கேட்டு வாங்கினேன். தண்ணீர் திரும்பிப் போனதும் சாச்சி தன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தேடிக் கரை நெடுகவும் நடந்திருக்கிறார். அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீடு இல்லை, மரம் இல்லை, தோணி இல்லை, பிள்ளைகளும் இல்லை. கையில் ஒரு வலைத்துண்டோடு திரும்பி வந்தாராம். அதை அலுமாரிக்குள் ஒரு பைக்குள் போட்டு வைத்திருந்தாராம், அந்தப் படம் வரைக்கும். இதைக் கேட்ட பிறகு பல நாட்கள் என்னால் சாச்சியின் அறைப் பக்கம் போக முடியவில்லை. இன்றைக்கும் அவரோடு கதைக்கும்போது அவருடைய முகத்தை நேரே பார்க்க எனக்கு வராது.

ஆனால் அந்த ஒன்பது வயதில் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். மூன்று நாள் சாச்சியோடு கதைக்கவில்லை. அவர் அனுப்பிய வட்டிலப்பத்தைத் தொடவில்லை. நாலாம் நாள் பின்னேரம் அவரே வந்து என் பக்கத்தில் பாயில் இருந்தார்.

"மகள், அந்தத் தோணி உண்டதான், நீ கீறினதுதான். நான் கீறின எண்டு சொன்னது பிழை. மன்னிச்சிக்க."

பெரிய ஆள் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே கொடுத்துவிட்டால் அதற்கு மதிப்பில்லை என்று பட்டது.

"அப்ப எண்ட பேர அதுல எழுதுங்க," என்றேன்.

கண்காட்சி முடிந்து படம் சாச்சியின் அறைக்குத் திரும்பி வந்திருந்தது. அவர் என் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனார். மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து, தோணிக்குக் கீழே, வலை புதைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினார். நாலே எழுத்து. அதை எழுத அவருக்கு வெகு நேரம் பிடித்தது. நான் பக்கத்தில் நின்று எழுத்து நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆட்களுக்கும் பொறாமை வரும் போலிருக்கிறது என்று நினைத்து, அவரை மனதார மன்னித்தேன்.