முதுகில் மீன் சுமந்த ராஜாம்பாள்

ராஜாம்பாள் என் கொழுந்தன் கோவிந்தராசுவின் பெண்டாட்டி. ஓரகத்திகள் பாதி நாள் சண்டை, மீதி நாள் பேச்சில்லாமல் இருப்பது ஊர் வழக்கம். நாங்கள் சண்டையும் போட்டோம், பேச்சையும் விடவில்லை. அவள் வாயைக் கேட்காமல் ஒரு பொழுது போகாது எனக்கு.

முத்தியால்பேட்டையில் எந்தக் கல்யாணமானாலும் சம்பந்தி ஏசலுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் தாயை உட்கார வைத்து, அவள் மூக்கிலிருந்து நடை வரைக்கும் பாட்டாகக் கட்டி ஏசுவாள். பந்தலே குலுங்கும். திட்டு வாங்கினவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள். ஏசாமல் விட்டால்தான் கோபம் வரும், 'என்னை ஒரு ஆளா மதிக்கலியே' என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கேலிக்கு முறை வேண்டும். சம்பந்தி, மச்சான், கொழுந்தன் என்று உரிமை உள்ளவரைத்தான் ஏசலாம். உரிமை இல்லாதவனை ஏசினால் அதற்குப் பெயர் வம்பு. இதை எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் தெருவில், தொமினிக் முசியே வீட்டில் அவள் சமையல் வேலை பார்த்தாள். முசியே என்று பிரெஞ்சில் கூப்பிட்டாலும் ஆள் தமிழர்தான், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் கிடந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். சிரிப்பு மட்டும் கப்பலில் வந்த சிரிப்பு. மூஞ்சியை இழவு வீட்டுக்காரர் மாதிரி வைத்துக்கொண்டு பொய் சொல்வார். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிய வருஷம், "இந்தியா சர்க்காரு ரொட்டிக்கடை எல்லாத்தையும் மூடப் போவுது ராஜாம்பா" என்றார். இவள் அலறி அடித்துக்கொண்டு போய்க் கை கொள்ளாமல் ரொட்டி வாங்கி வந்தாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"இதுல சிரிக்க என்னாக்கா இருக்குது? பொய் சொன்னவரு அவரு, அலைஞ்சவ நானு" என்று என்னிடம் வந்து பொருமினாள். எனக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அவள் மகள் சுலோசனாவுக்கு ஜானகிராமன் என்ற மில்லுக்காரப் பையனைப் பேசியிருந்தோம். அதற்கு முன் இரண்டு இடம் வந்து கலைந்துபோயிருந்தது. இதுவும் போனால் பெண்ணுக்கு ராசியில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் பாக்கு வெற்றிலை மாற்றிவிடலாம் என்று பையனின் தாய் கொளஞ்சி சொன்னாள். பையன் முருகனுக்குக் காவடி எடுக்கக் காப்புக் கட்டியிருந்தான். வீட்டைக் கழுவி, கவிச்சி வாடை படாமல் புதுச்சட்டியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நானும் கோவிந்தராசுவும் கொளஞ்சி வீட்டுக்கு முன்னாலேயே போய்விட்டோம். தாலி அறுத்தவள் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது என்பதால் நான் பின்கட்டுக் கதவோரம் இருந்தேன். ராஜாம்பாள் மத்தியானச் சமையலை முடித்துவிட்டு முசியே வீட்டிலிருந்து நேராக நடந்து வந்தாள். வழியெல்லாம் ஜனம் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது அவளுக்குப் புதுசா? போன வாரத்து ஏசலை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று இவளும் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

வாசலில் கால் கழுவத் திரும்பினாள். முதுகில், முந்தானை மடிப்பில் குண்டூசி குத்தி ஒரு காகித மீன் தொங்கியது. முழ நீளம், சிவப்பு மையில் கண், செதில் எல்லாம் வரைந்திருந்தது.

கொளஞ்சி தாம்பாளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னா சம்மந்தி இது? புள்ள காப்புக் கட்டியிருக்குற வூட்டுக்கு மீன மாட்டிக்கினு வர்றீங்க?"

ராஜாம்பாள் முதுகைத் தடவி மீனைப் பிடுங்கிப் பார்த்தாள். "காயிதம் தான சம்மந்தி. கொழம்பு வச்சாலும் கவிச்சி அடிக்காது" என்றாள். அங்கே ஒருத்தர் பல்லும் தெரியவில்லை.

பையனின் தாய்மாமன் ராமலிங்கம், "யாரோ வேணும்னே ஒட்டி அனுப்பியிருக்கான். ஊரே சிரிக்கிற குடும்பத்துல பொண்ணு எடுக்கணுமா?" என்றார். பொழுது சாயுமுன் யார் ஒட்டினார்கள், ஏன் ஒட்டினார்கள் என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு இல்லை என்று கொளஞ்சி எழுந்துவிட்டாள்.

ராஜாம்பாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முசியே வீட்டுக்கு ஓடினாள். அவர் மீனைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"எதுவரைக்கும் போச்சு ராஜாம்பா? முத்தியால்பேட்ட வரைக்குமா? சபாஷ்."

"என் பொண்ணு கல்யாணம் வரைக்கும் போச்சு முசியே" என்றாள்.

அன்றைக்கு ஏப்ரல் முதல் தேதியாம். பிரான்சில் அன்றைக்கு ஒருத்தர் முதுகில் ஒருத்தர் மீன் ஒட்டுவார்களாம். மாட்டிக்கொண்டவரும் சேர்ந்து சிரிக்க வேண்டுமாம். அறுபது வயசு ஆம்பளை உட்கார்ந்து மீன் வெட்டியிருக்கிறார். அவர் சம்சாரம் மரி மதாம், "ஏசுசாமி பாடுபட்ட பெரிய வாரத்துல இந்தக் கூத்து வாணாம்னு சொன்னேன் கேட்டாரா?" என்று முணுமுணுத்தாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்ததும் மனுஷன் மறுபேச்சுப் பேசவில்லை. கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு எங்களோடு புறப்பட்டார்.

கொளஞ்சி வீட்டில் நாற்காலி போட்டார்கள். பிரான்சு தேசத்து வழக்கத்தை அவர் எடுத்துச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது. எதிரே எல்லோரும் பஞ்சாயத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள்.

"செரிங்க ஐயா. ஏன் மீனு?" என்று கேட்டாள் கொளஞ்சி.

"அது பழக்கம்மா."

"கத்திரிக்கா ஒட்டக்கூடாதா?"

"இல்ல, மீனுதான்."

"மீனு என்னா பண்ணிச்சு?"

முசியே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சும்மா வெளையாட்டும்மா. கெட்ட எண்ணம் ஒண்ணும் கெடையாது."

"வெளையாட்டுன்னா ரெண்டு பேரும் ஆடணும். நீங்க எஜமானரு, அவ முதுகுல ஒட்டுனீங்க. அவ உங்க முதுகுல ஒட்டுவாளா? ஒட்டுனா வெளையாட்டு. ஒட்ட முடியலைன்னா அது வேற."

"தாராளமா. ராஜாம்பா என்னையும் கேலி பண்ணட்டும். எனக்குச் சந்தோசம்" என்றார் முசியே. அவர் வாயால்தான் சொன்னார். நான் கேட்டேன்.

ராஜாம்பாள் மகளுக்காகப் பாடினாள். வேறு எதற்காகவும் இல்லை. வழக்கம்போல இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, அவர் முன்னால் நின்று கையைத் தட்டி எடுத்தாள்.

"சைகோன் போயி வந்தாராம்
சட்டப் பையில சீப்பாம்
வாரிக்க வேண்டிய முடிய மட்டும்
வழியில வுட்டுட்டு வந்தாராம்"

ராமலிங்கம்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். காப்புக் கட்டிய பையன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொளஞ்சி வாயில் துணியை வைத்து அடைத்துப் பார்த்தாள், முடியவில்லை. "எம்மா, போதும் சம்மந்தி, வயிறு வலிக்குது" என்று தாம்பாளத்தை நடுவில் நகர்த்தினாள்.

முசியேவும் முதலில் சிரிக்கத்தான் செய்தார். பிறகு அவர் கை வழுக்கைத் தலைக்குப் போனது. ஜன்னலில் தெருப் பெண்கள் எட்டிப் பார்ப்பதைக் கவனித்தார். தொப்பியை எடுத்து மாட்டினார். "பொன்சுவார்" என்று பிரெஞ்சில் விடைசொல்லிவிட்டு வெளியே போனார். சிரிப்புச் சத்தத்தில் அவர் போனதை ராஜாம்பாள் கவனிக்கவே இல்லை. பாக்கு வெற்றிலை மாறியது. கல்யாணம் வைகாசியில் என்று முடிவானது.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போனபோது மரி மதாம் கதவைப் பாதிதான் திறந்தாள். பாத்திரம் கழுவ இரண்டு ஆள் இருந்தால் நல்லது என்று அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

"நீ இனிமே வர வாணாம் ராஜாம்பா. ராத்திரி அவரு சாப்புடல."

"அவருதான மதாம் கேலி பண்ணச் சொன்னாரு?"

"நீ ஏதோ நாலு வார்த்த சொல்லுவேன்னு நெனச்சாரு. ஊராருக்கு முன்னால தலைய காட்டிப் பாடுவியா?"

"நான் மீன ஊராருக்குத் தெரியாமயா தூக்கிக்கினு போனேன்?"

"மீனு எல்லாருக்கும் ஒட்றது. ஒன்னயக் குறிச்சு ஒட்டல. நீ பாடுனது அவரக் குறிச்சு."

"குறிச்சுப் பாடுனாத்தான் மதாம் அவரு நம்ம மனுசரு. வேத்தாளயா ஏசுவாங்க?"

மதாமுக்கு இது புரியவில்லை. அவளும் இதே மண்ணில், எங்கள் பேச்சைப் பேசி வளர்ந்தவள்தான். ராஜாம்பாள் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே முசியே இருமுகிற சத்தம் கேட்டது, அவர் வெளியே வரவில்லை. வரும் வழியில், "நான் அவர மாமன் மொறையா நெனச்சில்ல பாடுனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "கேலி பண்ணுன்னு சொன்ன வாயி அவருது, நீ என்னாத்துக்குடி அழுவுற?" என்று திட்டினேன். அத்தனை வருஷம் ஆக்கிப்போட்டவள் ஒரு பாட்டுப் பாடியது அவருக்குப் பொறுக்கவில்லை.

வைகாசிக் கல்யாணத்தில் கொளஞ்சி புதுச் சேலையோடு பந்தல் நடுவில் வந்து உட்கார்ந்தாள், ஏசலுக்காக. ராஜாம்பாள் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள்.

"தொரைக்குப் பாடுன தொண்ட சம்மந்திக்குப் பாடாதா? நான் அவ்ளோ மட்டமா?" என்று கொளஞ்சி முகம் சுருங்கினாள். தாலி கட்டி முடித்த பந்தலில் அடுத்த சண்டை கிளம்பிவிடும்போல் இருந்தது. சுலோசனா மணையில் இருந்தபடியே தாயைப் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் எழுந்து பாடினாள். கொளஞ்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு அடி முடிந்ததும் ராஜாம்பாள் கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த அடிக்கு வாயைத் திறந்தாள். மூக்கைப் பாடவில்லை, நடையைப் பாடவில்லை, சேலையையும் வெற்றிலைப் பையையும் மட்டும் பாடிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அது என்ன ஏசல்?