பாலைவனக் கூரையில் பனி

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் எங்கள் அலுவலகத்தில் மொத்தம் பதினோரு பேர். கட்டடங்களின் இரும்புக் கூரைக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது வேலை. நான்கு வருடமாக எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது ஒரே நாடு. பெயர் வேண்டாம், தோண்டிய இடமெல்லாம் எண்ணெய் வரும் நாடு. இன்னும் தண்டவாளமே போடாத பாலைவனத்தில் ஒரு ரயில் நிலையத்துக்குக் கூரை கேட்டிருந்தார்கள். எந்த ஊருக்கு நிலையம் என்று ஒருமுறை கேட்டேன். ஊர் பிறகு வரும் என்றார் முதலாளி.

புது வேலை வந்தால் எங்களில் யாரும் வெற்றுத் தாளில் தொடங்க மாட்டோம். பழைய கணக்கு ஒன்றை நகலெடுத்து எண்களை மாற்றிக்கொள்வோம். நான் எடுத்தது, பக்கத்து மலை ஊரில் ஒரு பள்ளி விளையாட்டுக் கூடத்தின் கணக்கு. காற்றை மாற்றினேன், வெயிலை மாற்றினேன், மணல் புயலைச் சேர்த்தேன். பனியை மாற்ற மறந்துவிட்டேன். ஐம்பது டிகிரி அடிக்கும் இடத்தில், இடுப்பளவு பனி விழுந்தாலும் தாங்கும்படி கூரைக்கு இரும்பு போட்டிருந்தேன்.

ஒரு வருடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அதற்குள் பாதி இரும்பு அங்கே போய் இறங்கியிருந்தது. என் விசா இந்த வேலையை நம்பி நின்றது. வேலை போனால் சில மாதங்களுக்குள் வேறு பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். மனைவி ஏழு மாதக் கர்ப்பம். கூரை ஒன்றும் விழப்போவதில்லையே, வாயை மூடிக்கொண்டு இரு என்றாள். மூன்று நாள் இருந்தேன். நான்காம் நாள் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நல்லவன் என்பதால் அல்ல. வேறு யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

அவர் கத்தவில்லை. கணக்கை இரண்டு தடவை பார்த்தார். நாளை வீடியோ கூட்டத்தில் அவர்களிடம் நீயே சொல் என்றார்.

எதிரே திரையில் வந்தவர் அந்த நாட்டுக்காரரான ஓர் இளம் அதிகாரி. என் வயதுதான் இருக்கும். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திருத்தினால் எவ்வளவு இரும்பு மிச்சம் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"விடுங்க. திறப்பு விழாவுக்குத் தேதி சொல்லியாச்சு. திருத்தினா மறுபடி பத்துப் பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும். இரும்பு இருந்துட்டுப் போகட்டும்."

பிழைத்தேன். ஆனால் ட்ராமில் வீடு திரும்பும்போது சந்தோஷத்துக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. அந்த மலை ஊர்ப் பள்ளிக்காரர்கள் நாலு கம்பியைக் குறைக்கச் சொல்லி எங்களோடு ஆறு மாதம் மல்லுக்கு நின்றவர்கள். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று அதிகாரியை மனதுக்குள் திட்டினேன். நானும் அந்தக் குன்றைத்தான் தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு எண்ணெய் விலை இறங்கத் தொடங்கியது. அலுவலகத்தில் எல்லோரும் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தோம். ஒருநாள் ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது: நிலைய வேலை காலவரையின்றி நிறுத்தம். ஏழு பேருக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார் முதலாளி. அதில் நானும் ஒருவன். மகள் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அடுத்த மாதம் அந்த அதிகாரி என் கைபேசிக்கு அழைத்தார். வேலை மறுபடி தொடங்குகிறதாக்கும் என்று நினைத்து, குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் எடுத்தேன். அவர் துறையையே கலைத்துவிட்டார்களாம். அடுத்து என்ன என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களும் வாய் திறப்பதில்லை என்றார். அவருக்கும் சின்னதாக ஒரு மகள் இருந்தாள்.

"உங்க ஆஃபீஸ்ல எனக்கு ஏதாவது வேலை கிடைக்குமா?" என்று கேட்டார்.

"எங்க ஆஃபீஸ் ஓடினதே உங்க வேலையிலதான் சார். என்னையே நிறுத்திட்டாங்க" என்றேன்.

அப்படியானால் நான் எந்தெந்தக் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அந்தப் பட்டியலைத் தனக்கும் அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர்மேல் இரக்கம் வந்தது. அன்றைக்கே அனுப்பினேன். என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்த ஒரே கம்பெனியின் பெயரை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.