கைத்தடி இல்லாமல் நடந்த மாதம்

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மறதி மட்டும் நல்லதாகப் போயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து டவுன் தானா ராத்தாவில் பாலர் பள்ளி டீச்சர் ஒருத்தி, அடிபட்ட நாய்களைத் தூக்கிவந்து வைத்தியம் பார்ப்பாள். போனில் படம் போடுவாள். முகம் தெரியாதவர்கள் பணம் அனுப்புவார்கள். அப்படித்தான், கோலா தெர்லா பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் சங்கிலியில் கிடந்த கறுப்பு நாய்க்கு ஈப்போ மிருக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அடித்தே பின்னங்காலை முறித்திருந்தார்கள். உள்ளே இரும்பு வைத்துத் தைத்தார்களாம். டீச்சரின் வாடகை வீட்டில் நாய்க்கு இடமில்லை. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“பாட்டி, தெனம் நடக்க வைக்கணுமாம். படுத்தே கெடந்தா காலு சூம்பிடும்னாரு டாக்டர். ஒரு மாசத்துல பாப்பாரு. சரியா வரலன்னா வெட்டணுமாம்.”

தலையை ஆட்டினேன். எனக்கு மறுத்துப் பேச வராது.

நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை. தினமும் காலையில் ஒரு கையில் கயிறும் மறு கையில் கைத்தடியுமாகக் குனிந்து கூப்பிடுவேன். இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். குளிரோ என்று சாக்கு விரித்தேன். கயிறோ என்று கயிற்றை விட்டேன். ஒரு வாரம் ஓடிவிட்டது.

ஒரு நாள் எதிர்வீட்டு வாசலில் பேசிவிட்டுத் தடியை அங்கேயே மறந்து வந்துவிட்டேன். சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தால், நாய் தானாக வெளியே வந்து என் கால்விரலை முகர்ந்தது. எனக்கு மூச்சு விடவே பயம். அதற்குள் எதிர்வீட்டுக்காரி, “யக்கா, ஒங்க தடிலா!” என்று நீட்டிக்கொண்டே நுழைந்தாள். நாய் மறுபடியும் கட்டிலுக்கு அடியில்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. அதை எதால் அடித்திருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டையில் செதுக்கிய தடி. முட்டி போன பிறகு, அன்று மறந்ததைத் தவிர, அதில்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. குளிக்கத் தண்ணீர் காயும் அடுப்பில் அதைச் சொருகிவிட்டேன். எதிர்வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். முதலில் மூன்று நிரை தூரம். நாய் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. நான் நின்றால் அதுவும் நிற்கும்.

“ரெண்டு பேருக்கும் சேத்து நல்ல காலு நாலு தேறுமா? இதுல ஊர்வலம் வேற!” என்பாள் எதிர்வீட்டுக்காரி.

“பைய போனா போதும்லா” என்பேன்.

மாதம் முடிந்ததும் டீச்சர் அதை ஈப்போவுக்குக் கொண்டுபோனாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கார் வந்து கதவு திறந்ததும் நாய் குதித்து நேராக வீட்டுக்குள் ஓடியது.

“வெட்ட வேணாமாம் பாட்டி!”

பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட டீச்சர் வீடியோ எடுத்தாள். என் மூஞ்சி வேண்டாம், நாயின் காலை மட்டும் எடு என்றேன். அவர்கள் படிக்க நாலு வரியும் கேட்டாள், அதுதான் இது.

முறிந்தது இடது கால் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டுக்காரி வலது என்கிறாள். தழும்பை முடி மூடிவிட்டது. ஓடும்போதும் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் சீட்டைப் பார்த்து யாராவது சரியாகப் போட்டுவிடுங்கள்.