கொடுவாச் செதிளில் பத்து நகம்

சூனியமாம். அந்தப் பிள்ளை சிவானுஜா சூனியம் செய்கிறாளாம். சொன்னது யாரென்று பார்த்தால் பக்கத்து வளவு றஞ்சிதா. தன் வீட்டு உலை பொங்கி அடுப்பை அணைத்தாலும் அவளுக்குத் தெரியாது. அடுத்த முற்றத்தில் என்ன காய்கிறது என்பது மட்டும் தெரியும். அவள் பேச்சையும் வாகரையில் நாலு பேர் நம்பினார்களே, அவர்களின் மண்டையைவிட மீன் கழுவி ஊற்றிய தண்ணீருக்குக் கனம் அதிகம்.

சிவானுஜாவுக்கு நகத்தில் பூப்போடும் வேலையில் பைத்தியம். போனில் பார்த்துப் பார்த்தே பழகினாள். பழகுவதற்கென்று பட்டணத்தில் பிளாஸ்டிக் நகம் விற்கிறார்கள். வாகரையில் எந்தக் கடைக்காரன் வைத்திருக்கிறான்? தாய் தெய்வமணி இறால் உரிக்கப் போகும் மீன்வாடியில் கொடுவா மீனின் செதிள் குவிந்து கிடக்கும். பெருவிரல் நகத்தின் அளவு, அதே வளைவு. பிள்ளை அதைப் பொறுக்கி வந்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு நாற்றம் போகக் கழுவி, சுருளாமலிருக்கப் பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாள்களுக்குள் வைத்துக் கல்லேற்றினாள். காய்ந்ததும் நகம்போல் நறுக்கி, நகத்துக்குப் பூசும் கியுட்டெக்ஸைப் பூசினாள்.

புள்ளி வைக்க, மை தீர்ந்த பேனைக் குழாயில் செருகிய குண்டூசியின் தலை. மெல்லிய கோடு இழுக்க, ஈர்க்கில் கட்டிய அவளுடைய நாலைந்து தலைமயிர். நிறத்தை நிறத்தோடு கலக்க, பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு. இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவர்கள் யார்? தேங்காய் துருவலையின் பல் மழுங்கினால் புருசன் வரும்வரை சம்பல் இல்லாமல் குந்தியிருக்கிறவர்கள்.

மட்டக்களப்பில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருந்த காத்தான்குடி நஸ்ஹா, பிள்ளை அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாள்: "படத்த நம்பி ஆள் எடுக்க மாட்டன் புள்ள. பத்து நகத்துல பத்து விதமா கீறிக்கொண்டு வியாழக்கிழமை வாங்க. பிடிச்சா அண்டைக்கே வேல. பிந்தினா வேற ஆள் இருக்கு."

புதன்கிழமை பத்துச் செதிளும் அட்டையில் வரிசையாக ஒட்டி ஆயத்தம். வெயிலில் வைத்தால் பூச்சு கொப்புளிக்கும் என்று தேசி மரத்து நிழலில் வைத்தாள். அதுபோதும் றஞ்சிதாவுக்கு.

"தெய்வமணியக்கா, தேசி மரத்தடியில செதிள், செதிள்ள சிவப்புக் கண்ணு. ஆருக்குகா சூனியம் கட்டுறாள் உங்கட மகள்?"

"அது நகம்கா."

"மீனுக்கு ஏதுகா நகம்?"

போன மாதம் மச்சாளின் கலியாணத்துக்குப் பத்து விரலையும் நீட்டிச் சிவானுஜாவிடம் பூப்போட்டுக்கொண்டு போன அதே கையால்தான் அந்த அட்டையைச் சுட்டிக் காட்டினாள். வெட்கம் என்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

நாளைக்குப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று தெய்வமணிக்குப் பயம் பிடித்தது. அட்டையைக் கொண்டுபோய் வாவியில் வீசிவிட்டாள். வாடிக்குப் போயிருந்த மகள் வந்து கேட்டது ஒன்றுதான்.

"விடிஞ்சா நான் எதக் காட்டுற?"

தாய் விளக்குமாற்றை எடுத்துத் தேசி மரத்தடியைக் கூட்டப் போனாள்.

வியாழன் விடியற்காலையில் சிவானுஜா தன் இடக்கை நகம் ஐந்திலும் ஐந்து விதம் கீறி முடித்தாள். வலக்கைக்கு மாறியதும் இடக்கை சொன்னபடி கேட்கவில்லை. கோடெல்லாம் நண்டு ஓடிய தடம். துடைத்தாள், கீறினாள், மறுபடி துடைத்தாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தெய்வமணி அதைப் பார்த்தாள். வலக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நீட்டினாள்.

"இதுல கீறு."

"உங்கட கையில இருந்தா நீங்களும் வரவேணுமே."

"மறுகா எதுக்குக் கைய நீட்டுறன்?"

இறால் முள் குத்திக் குத்தி மஞ்சளித்த நகம். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் சிவானுஜா தேய்த்து ஒப்பமாக்கினாள். பெருவிரலில் நீளமாக ஒரு வெடிப்பு. அதைத் தண்டாக்கி, இரண்டு பக்கமும் இலை வைத்தாள். பத்திலும் நன்றாக வந்தது அதுதான்.

பஸ்ஸுக்கு இறங்கும்போது றஞ்சிதா தண்ணிக்குடத்தோடு இவர்கள் வளவுப் படலைக்கு வெளியே நின்றாள்.

"எங்ககா, விடியலோட ரெண்டு பேரும்?"

"மட்டக்களப்புக்கு. மகளுக்கு வேல. படலையத் திறந்து விடுகா, கியுட்டெக்ஸ் காயல்ல."

தெய்வமணியின் இடக்கை சும்மாதான் இருந்தது. வேண்டுமென்றேதான் கேட்டாள்.

றஞ்சிதா குடத்தை இறக்கி வைத்தாள். குனிந்து படலைக் கயிற்றை அவிழ்த்தாள். தாயும் மகளும் விரல்களை விரித்துப் பிடித்தபடி வெளியே நடந்தார்கள்.