நான் அழித்த ஒற்றை வரி

“இது கட்டாயமா சம்பந்தி?” என்று அவர் கேட்டார். தேனியில் ஒரு செருப்புக் கடையில், சிவப்பு ரெக்சின் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வேட்டியை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே மடித்துப் பிடித்திருந்தார். வலது காலில் பாதி நுழைந்த ஒரு கறுப்பு ஷூ. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சம்மதிக்க மறுக்கிறவரின் பார்வை அல்ல அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தவரின் பார்வை. நான் ஆமாம் என்றேன்.

அவர் என் மகளின் மாமனார். தேவாரம் என்ற ஊரில் மலையடிவாரத்தை ஒட்டித் தென்னையும் கொய்யாவும் வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி. நான் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், குடியிருப்பது மாமனார் வீட்டில். சம்பந்தியம்மா இறந்த பிறகு அந்த மனிதர் தோப்பு உண்டு, வீடு உண்டு என்று ஒடுங்கிப்போனார். தேனியில் தினமும் என்னோடு காலை நடை போகும் நண்பர்கள் எட்டுப் பேர் மனைவிமாரோடு சென்னையிலிருந்து கப்பல் ஏறி இலங்கை போய்வரத் திட்டம் போட்டபோது, “மாமாவையும் கூட்டிட்டுப் போங்கப்பா, நாலு மனுசரோட இருந்தா கொஞ்சம் தெளிஞ்சிருவாக” என்று மகள்தான் கேட்டாள். அவருக்கும் ஆசை இருந்தது. கடலை அதுவரை ராமேஸ்வரம் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

பயண ஏற்பாட்டாளர் எனக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். வங்கியில் இருந்தவன் என்பதால் இந்த மாதிரிக் காகித வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். எனக்கும் அது பிடிக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரும் ஆண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று அதில் நான்கு வரிகள் இருந்தன. அரைக்கால் சட்டை கூடாது. காலர் வைத்த சட்டை வேண்டும். ஒரு மாலை மட்டும் விருந்து, அன்றைக்குக் கோட் போட்டால் நல்லது. நான்காவது வரி: வேட்டி சட்டை போன்ற பாரம்பரிய உடையும், அதற்குரிய செருப்பும் எல்லா மாலைகளிலும் அணியலாம்.

எங்கள் வாட்ஸப் குழுவுக்கு அதை அனுப்பும்போது நான்காவது வரியை நான் அழித்தேன். முதல் மூன்றையும் கொஞ்சம் திருத்தினேன். ஐந்து மாலையும் கோட், ஐந்து மாலையும் ஷூ. வாசகங்கள் கப்பல்காரர்களுடையவை போலவே இருந்தன. ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மட்டும் மறுநாள் நடையின்போது, “என்னய்யா இது, நம்ம என்ன வெள்ளக்காரனா? ஒரு வேட்டியக் கட்டிட்டுப் போயிச் சோத்தத் தின்னுட்டு வர வேண்டியதுதான?” என்றார். “கப்பல்ல விட மாட்டாகய்யா” என்றேன். கூசாமல் சொன்னேன். மேனேஜர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் கோட் தேட ஆரம்பித்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்த புதிதில், சென்னையில் தலைமை அலுவலக விருந்து ஒன்றுக்குச் செருப்போடு போய்விட்டேன். ஓர் உயரதிகாரி கை குலுக்க வந்தவர் என் காலைப் பார்த்தார், நீட்டிய கையை அப்படியே பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்துவிட்டார். அன்றிரவு பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை என் கால் விரல்களை நானே வெறுத்தேன். அந்த நிலை என் நண்பர்களுக்கு வரக் கூடாது என்பது என் எண்ணம் என்று நானே நம்பினேன். ஆனால் உண்மை அதுவல்ல. நண்பர்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவர்களுக்கு உடுத்தத் தெரியும். நான் பயந்தது சம்பந்தியைப் பற்றி. நாலு வரியையும் அப்படியே அனுப்பினால் அவர் வேட்டியோடும் அந்தச் செருப்போடும் வந்து என் பக்கத்தில் உட்காருவார். அவர் ஒருவரைத் தடுக்கத்தான் எட்டுப் பேருக்கும் கோட் மாட்டினேன்.

அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்களின் காலுக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. மெத்தென்ற தடித்த அடி, மேலே அகலமாக இரண்டு பட்டை, ஒட்டிப் பிரிக்கிற மாதிரி. குளியலறைச் செருப்பைப் பெரிதாக்கியது போல இருக்கும். தோப்புக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான். செருப்புக் கடையில் அந்தக் கறுப்பு ஷூவுக்குள் காலை நுழைக்கும்போதே அவர் சொன்னார்: “பாதத்துல உணர்ச்சி இல்ல சம்பந்தி. போன மாசம் சுடுதண்ணி கொட்டி, கொப்புளம் வந்த பெறகுதான் தெரிஞ்சது. டாக்டரு மூடுன செருப்பு ஆகாதுன்னு சொல்லிருக்காக.” கடைக்காரரும் ஒரு அளவு பெரியதாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெரிய அளவில் நான் தேர்ந்தெடுத்த பளபளப்பான ரகம் இல்லை. முனை அகன்ற, பள்ளிக்கூட ஷூ மாதிரி ஒன்றுதான் இருந்தது. “போடப் போடத் தோல் இளகிக் குடுக்கும்” என்று நான் சொன்னேன். “அஞ்சே நாளுதான சம்பந்தி” என்று அந்தச் சின்ன அளவையே வாங்க வைத்தேன். அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாங்கினேன். கிராமத்தார் ஷூவைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் சாக்கு என்று அதை எடுத்துக்கொண்டேன்.

முதல் மாலை அவர் தன் மகன் கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மீசையை ஒதுக்கி, நெற்றியில் சின்னதாகத் திருநீறு வைத்திருந்தார். “எப்படி இருக்கேன்?” என்று என் மனைவியிடம் கேட்டுச் சிரித்தார். மண்டபத்தில் கண்ணாடிச் சன்னல் வழியே கடல் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தபடி நின்றார். நண்பர்களிடம் நான், “சம்பந்தி, தேவாரத்துல தோட்டம்” என்று அறிமுகப்படுத்தினேன். எஸ்டேட் என்று சொல்ல வந்து கடைசி நொடியில் தோட்டம் என்றேன்.

இரண்டாம் மாலை வாசலில் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயது இருக்கும். கரை வேட்டி, தோளில் மடித்துப் போட்ட துண்டு, காலில் தோல் செருப்பு. வாசலில் நின்ற கப்பல் சிப்பந்தி தலை தாழ்த்தி வணங்கி, அவரைச் சன்னலோர மேசைக்கு அழைத்துப்போனார். சம்பந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அங்கன பாருங்க சம்பந்தி. அவுக வேட்டியும் செருப்புமாத்தான வந்துருக்காக?”

“அவுக வேற கோஷ்டி. நம்ம கோஷ்டிக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குல்ல” என்றேன்.

“அதுவுஞ் சரிதான்” என்றார். கரண்டியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அந்த ‘அதுவுஞ் சரிதான்’ எத்தனையோ தடவை என்னை உறக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறது. நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். பொய் சொல்கிற அளவுக்கு அவரைப் பார்த்து நான் கூச்சப்படுகிறேன் என்பதும் தெரிந்திருக்கும். கடைசி மூன்று மாலையும் அவர் ஷூ போட்டது கப்பல் விதிக்காக அல்ல, எனக்காக.

நான்காம் மாலை அவர் நடை மாறியிருந்தது. வலது காலை ஓரமாக வைத்து வைத்து வந்தார். நான் கேட்டதற்கு, “கப்பலு ஆடுதுல்ல” என்றார். அன்று கடல் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. நான் அவர் காலைப் பற்றி நினைக்கவில்லை. நொண்டுகிற மாதிரித் தெரிகிறதே, மற்ற மேசைக்காரர்கள் பார்க்கிறார்களே என்றுதான் நினைத்தேன். படிக்கட்டில் எல்லோரும் நின்று படம் எடுத்தபோது அவரைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னதும் நான்தான்.

ஊர் திரும்பிப் பத்து நாள் இருக்கும். மகள் போன் செய்தாள். மாமாவுக்குக் காய்ச்சல், வலது கால் சுண்டுவிரல் கறுத்துப்போய் வாடை வருகிறது, தேனிக்குக் கொண்டுவருகிறோம் என்றாள். நாங்கள் போய்ச் சேரும்போது டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலை அன்றுதான் நான் முதல்முறை நேராகப் பார்த்தேன். பாதத்தின் ஓரம் முழுக்க, ஷூவின் விளிம்பு எங்கே அழுத்துமோ அந்த இடத்தில், கோடு போட்டது போலப் புண்.

“எப்படி வந்துச்சு?” என்று டாக்டர் கேட்டார்.

“தோப்புல கட்ட குத்திருச்சுங்க.”

“கட்டை குத்துன மாதிரி இல்லையே. புதுசா ஷூ எதும் போட்டீகளா?”

கட்டிலின் ஒரு பக்கம் மகளும் மருமகனும். கால்மாட்டில் நான். என் தொண்டை அடைத்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அடைக்கவில்லை. பேச முடிந்தது. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். சம்பந்தி என் பக்கம் திரும்பாமலே டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். “சம்சாரிக்கு எதுக்குங்க ஷூ?” என்றார்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். முதலில் இரண்டு விரல். அது நிற்கவில்லை. அடுத்த வாரம் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து இரண்டு நாள் கழித்து, அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது நான் ஆரம்பித்தேன். “சம்பந்தி, அந்த ஷூ...” என்றதுமே கையை உயர்த்தினார்.

“விடுங்க சம்பந்தி. போட்டது நானு. பிள்ள காதுக்கு இது போகவே வேணாம். நாளைக்கும் அவ உங்க மூஞ்சியப் பாத்துத்தான அப்பான்னு கூப்பிடணும்?”

“கப்பல்ல செருப்பு போடலாம்னுதான் எழுதியிருந்துச்சு. நாந்தான் அந்த வரிய...” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் ஊசியோடு உள்ளே வந்தார். நான் நிறுத்திக்கொண்டேன். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த வரி அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நர்ஸ் போன பிறகு திரும்பவும் சொல்லியிருக்கலாம்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவர் தோப்புக்குள் இறங்குவதில்லை. வரப்பில் அவரால் நிற்க முடியாது. மோட்டார் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, எந்த மரத்தில் காய் முற்றியிருக்கிறது என்று அங்கிருந்தே ஆட்களுக்குச் சொல்வார். நான் வாரம் ஒருமுறை போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். பழையபடி என்னைச் சம்பந்தி என்கிறார், பழையபடி இளநீர் வெட்டச் சொல்கிறார். ஒரு நாளாவது கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று இருக்கும்.

போன வாரம் நண்பர்கள் அடுத்த கப்பல் பயணம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ‘டிரெஸ் விஷயத்தை மேனேஜரே முடிவு பண்ணட்டும்’ என்று ஜவுளிக்கடைக்காரரே குழுவில் எழுதினார். பழைய போனில் தேடி, பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய அசல் குறிப்பை எடுத்தேன். நான்கு வரியையும் அப்படியே குழுவில் போட்டேன். கீழே, ‘நான்காவது வரியைப் போன தடவை நான் அழித்துவிட்டேன்’ என்று எழுதினேன். ஒருவர் மட்டும், ‘ஏன்?’ என்று கேட்டார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றே தேவாரத்துக்குப் போனேன். மகள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த வரி, செருப்புக் கடை, வேட்டி கட்டிய பெரியவர், டாக்டர் கேட்ட கேள்வி, என் மௌனம் எல்லாம். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

“கப்பல்ல இருந்து வந்த துணிய நாந்தான தொவைச்சேன். சாக்ஸு ரத்தத்துல ஒட்டிப்போயி இருந்துச்சு. மூணு தண்ணியில அலசியும் போகல.”

“அப்பவே தெரியுமா?”

“ஷூதான்னு தெரியும். நீங்க வேணும்னே பண்ணீகன்னு இன்னைக்குத்தான் தெரியுது.” வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மாமாட்டச் சொல்லிராதீக, எனக்குத் தெரியும்னு. உங்கள எங்கிட்ட இருந்து காப்பாத்திட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காக. அதுல ஒரு நிம்மதி அவுகளுக்கு.”

அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை என்பதை வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

மோட்டார் அறைப் பக்கம் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சம்பந்தி. பிள்ள என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்ல சம்பந்தி. கீரை வைக்கப்போகுதாம்” என்றேன்.

“பேசாம இருந்து சாப்ட்டுட்டுப் போங்க” என்று பக்கத்து நாற்காலியிலிருந்த துண்டை எடுத்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.